தலைமைக் கணிப்பாளர் இராதாநாத் சிக்தார்

செய்நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவிக்குக் கொடுக்கப்படும் முதற் பயிற்சிகளில் ஒன்று, ஓர் எளிய கணிப்பானை உருவாக்குவது. இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா என்று கேட்க வேண்டும். விடையைத் திரையில் காட்ட வேண்டும். சாதாரண தரத்தில் பஸ்காலில் எழுதினாலும் உயர்தரத்தில் பைதனில் எழுதினாலும் வேலை இவ்வளவுதான்.

பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் பைதனில் முதன்முறை எழுதும் பிள்ளை 12 உடன் 5 ஐக் கூட்டச் சொன்னால் திரையில் 125 என்று வந்து நிற்கும். தட்டச்சு செய்தவற்றைக் கணினி எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்து, இரண்டையும் அருகருகே ஒட்டிவிட்டது. அதைத் திருத்திய பிறகு யாராவது ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். செய்நிரல் அப்படியே நின்றுவிடும். இந்த இரண்டு பிழைகளைக் கண்டதும் இது நமக்கு வராது என்று எழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை இதை எப்படிப் படிப்பாள் என்று கவலைப்படும் பெற்றோரும் கொட்டகலை போன்ற எமது மலைநாட்டு ஊர்களில் நிறையவே உண்டு.

அவர்களுக்காகவே ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கே எழுத விரும்புகிறேன். கம்பியூட்டர் என்ற ஆங்கிலச் சொல் மேசைமேல் இருக்கும் ஒரு பொறியின் பெயராவதற்கு முன்னர் ஓர் உத்தியோகத்தின் பெயராக இருந்தது. கணக்குச் செய்வதற்காகச் சம்பளம் கொடுத்து அமர்த்தப்பட்ட மனிதரை அப்படி அழைத்தார்கள். நாம் கணிப்பாளர் என்று சொல்லலாம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போல அதுவும் ஒரு பதவி. அந்தப் பதவியில் தொடங்கி, இந்திய நில அளவைத் துறையின் தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தவர் இராதாநாத் சிக்தார். அவர் கையில் இருந்தவை பேனா, காகிதம், மடக்கை அட்டவணை ஆகியவை மட்டுமே.

பிறப்பும் படிப்பும்

இராதாநாத் 1813 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கல்கத்தாவின் ஜொராசங்கோ பகுதியில் பிறந்தார். தந்தையின் பெயர் தித்துராம் சிக்தார். தொடக்கக் கல்வியை முடித்துக்கொண்டு 1824 இல் கல்கத்தா இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஹென்றி டெரோசியோ என்ற இளம் ஆசிரியர் மாணவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாமல், காரணம் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அந்த மாணவர் கூட்டத்துக்கு அவரிடமிருந்தே வந்தது. இராதாநாத்தும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

கணிதத்தை அவருக்குக் கற்பித்தவர் ஜோன் டைட்லர். நியூட்டனின் பிரின்சிப்பியா என்ற கடினமான நூலை முதன்முதலில் படித்த இந்தியர்களுள் இராதாநாத்தும் ஒருவர். மாணவராக இருந்த காலத்திலேயே, இரண்டு வட்டங்களுக்குப் பொதுவான தொடலியை வரைவதற்குப் புதிய முறை ஒன்றைக் கண்டார்.

1831 இல் நில அளவைத் துறையின் தலைவர் ஜோர்ஜ் எவரெஸ்ட், கோளத் திரிகோண கணிதத்தில் தேர்ந்த ஓர் இளைஞரைத் தேடினார். டைட்லர் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் 18 வயது இராதாநாத் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

பறங்கிமலையில் தொடங்கிய அளவை

அவர் சேர்ந்த வேலை தமிழ் மண்ணில் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 ஆம் திகதி, சென்னையில் பறங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்பவர் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான ஒரு நேர்கோட்டை நிலத்தில் அளக்கத் தொடங்கினார். உருக்குச் சங்கிலியை நீட்டி, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கில் எடுத்து, அங்குல அங்குலமாக அளந்தார்கள். அதுவே அடிக்கோடு.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தையும் இரண்டு கோணங்களையும் அறிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். இது உங்கள் கணிதப் பாடத்தில் வரும் சைன் விதிதான். அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்தால் அந்தக் குன்றுக்கான தூரம் கிடைத்துவிடும். அந்தப் புதிய பக்கமே அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகிறது. இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கன்னியாகுமரி முதல் இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் நீளத்துக்கு அளந்தார்கள்.

கோணத்தை அளந்த தியோடலைட் என்ற கருவி அரைத் தொன் எடை கொண்டது. 1808 இல் தஞ்சைக் கோயிற் கோபுரத்தின்மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே பிரித்துச் சீர்செய்தார். பிற்காலத்தில் இத்தகைய கருவிகளைப் பழுதுபார்க்கவும் செய்யவும் ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். சையித் மீர் முஹ்சின் ஹுசைன் என்பது அவர் பெயர். சென்னையில் நகைத் தொழில் செய்துகொண்டிருந்த அவர், தம் கைத்திறத்தால் நில அளவைத் துறைக்குள் வந்து, 1843 இல் அந்தத் துறையின் கணிதக் கருவி செய்பவராகப் பதவி பெற்றார். கருவிக்கு ஒரு முஹ்சின், கணக்குக்கு ஓர் இராதாநாத் என்று அந்தப் பெரிய அளவை நடந்தது.

மனிதக் கணினிகள்

குன்றின்மேல் கோணத்தை அளப்பது வேலையின் ஒரு பாதிதான். மறுபாதி கணிப்பாளர்களின் மேசைக்கு வரும். ஒரு முக்கோணத்துக்கே பல பக்கக் கணக்கு உண்டு. பூமி தட்டையாக இல்லாததால் அதன்மேல் வரையும் பெரிய முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குச் சற்று அதிகமாக வரும். அந்த மிகையைக் கண்டு கழிக்க வேண்டும். கருவியின் பிழையைத் திருத்த வேண்டும். ஏழு இலக்க மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கலைக் கூட்டலாக மாற்ற வேண்டும்.

இத்தனையையும் தவறில்லாமல் செய்வதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெரிய கணக்கைச் சிறிய படிகளாக உடைத்தார்கள். எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்று ஒழுங்கு செய்தார்கள். ஒருவர் செய்த கணக்கை இன்னொருவர் அவருடைய தாளைப் பார்க்காமல் மீண்டும் செய்தார். இரண்டு விடைகளும் ஒத்து வந்தால்தான் அது ஏற்கப்பட்டது.

உள்ளீடு, முறைவழி, வெளியீடு என்று நாம் இன்று பாடத்தில் எழுதுவதும் இதைத்தான். படிப்படியாக ஒரு கணக்கைச் செய்யும் ஒழுங்குக்கு அல்கொரிதம் என்று பெயர். அந்தப் பெயரே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நம் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. யாருடைய பங்கும் குறையாமல் பிரிப்பதற்கும் ஒழுங்கான படிமுறை வேண்டும் அல்லவா?

இராதாநாத் இந்த வேலைக்காகக் கல்கத்தாவை விட்டு வடக்கே போனார். டேராடூனில் பல ஆண்டுகள் இருந்தார். குன்றுகளில் கூடாரமடித்து அளவையிலும் பங்குகொண்டார், கணக்கிலும் முன்நின்றார். அவரில்லாமல் துறை நடக்காது என்ற நிலை வந்துவிட்டது. அவர் வேறு அரச பதவிக்குப் போக விரும்பியபோது எவரெஸ்ட் விடவில்லை. ஒரு துறையில் இருப்பவர் தம் மேலதிகாரியின் சம்மதமின்றி இன்னொரு துறைக்குப் போக முடியாது என்ற விதியே அதன் பிறகு வந்தது. திறமையைப் பாராட்டினார்கள், அந்தத் திறமையே அவர் காலுக்கு விலங்காகவும் ஆனது.

சுமை தூக்கியவர்களுக்காக

1843 மே 15 ஆம் திகதி நடந்த ஒரு நிகழ்ச்சி, இராதாநாத்தைக் கணக்கறிந்த உத்தியோகத்தராக மட்டும் பார்க்க முடியாதபடி செய்கிறது.

நில அளவைத் துறையில் வேலை செய்த மலைவாழ் கூலித் தொழிலாளர்களை அந்தப் பகுதியின் நீதவான் வான்சிட்டார்ட் என்ற ஆங்கிலேயர் சட்டத்துக்கு மாறாகத் தம் சொந்தச் சாமான்களைச் சுமக்க வைத்தார். அந்தக் காலத்தில் இது அன்றாடம் நடந்ததுதான். துரை சொன்னால் தூக்க வேண்டும். கூலியைப் பற்றிக் கேட்க முடியாது. இராதாநாத் அதைக் கண்டும் காணாமல் போகவில்லை. வெளிப்படையாக எதிர்த்து நின்றார். விடயம் வழக்காகியது. ஆள்பவர்களின் நீதிமன்றம் அவருக்கே 200 ரூபாய் அபராதம் விதித்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெற்ற சம்பளத்தைப்போல ஆறு மடங்குக்கும் மேலான தொகை அது.

ராம்கோபால் கோஷ் நடத்திய பெங்கால் ஸ்பெக்டேட்டர் என்ற இதழ் இந்த நிகழ்ச்சியை விரிவாக எழுதியது. அதனால்தான் இன்றும் அதை நாம் அறிகிறோம். சுமை தூக்கியவர்களின் பெயர்களை மக்கள் அறியவில்லை. அவர்களுக்காகப் பேசியவரின் பெயர் அச்சில் நின்றது.

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்து நிற்கும் தாய்மாரின் பிள்ளைகள் நம்மிடையே படிக்கிறார்கள். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதையும் இங்கே எல்லோரும் அறிவார்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவர் அந்தக் கணக்கில் யாருடைய உழைப்பு விடுபடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இராதாநாத் பார்த்தார்.

பதினைந்தாம் இலக்கச் சிகரம்

1843 இல் எவரெஸ்ட் ஓய்வு பெற்றார். அன்ட்ரூ வோ அவருடைய இடத்துக்கு வந்தார். இராதாநாத் தலைமைக் கணிப்பாளராகி, பின்னர் கல்கத்தாவில் இருந்து பணியாற்றினார். அங்கே வானிலைக் கண்காணிப்பகத்தின் பொறுப்பும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. பாரமானியின் அளவு வெப்பநிலையால் மாறும். வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்த அளவுகளை ஒரே வெப்பநிலைக்கு மாற்றி ஒப்பிடுவதற்கு அவர் ஒரு சூத்திரத்தை அமைத்தார்.

இதே காலத்தில்தான் இமயத்தின் சிகரங்களைத் தொலைவிலிருந்து அளக்கும் வேலை நடந்தது. நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. ஆகவே 1849 இலும் 1850 இலும் ஜேம்ஸ் நிக்கல்சன் என்ற அளவையாளர் பீகார்ச் சமவெளியில் ஆறு இடங்களில் நின்று, பதினைந்தாம் இலக்கம் என்று குறிக்கப்பட்ட ஒரு சிகரத்தின் ஏற்றக் கோணத்தை அளந்தார். அந்த இடங்களிலிருந்து சிகரம் 108 முதல் 118 மைல் தூரத்தில், அதாவது ஏறத்தாழ 174 முதல் 190 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது.

மலையொன்றையும் கோணமொன்றையும் வைத்துப் பெரிய அளவைக் கண்டவர்கள் முன்பும் இருந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் அல்-பீரூனி பஞ்சாபின் நந்தனா என்ற இடத்தில் ஒரு மலையின்மேல் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்து, பூமியின் ஆரையையே கணித்தார். நிக்கல்சனின் கோணங்களிலிருந்து உயரம் காண்பதற்கும் பூமியின் ஆரை தேவைப்பட்டது. தூரத்தில் உள்ள மலையின் அடி பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதை உங்கள் கணிப்பானைக் கொண்டே அறியலாம். தூரத்தைத் தூரத்தால் பெருக்கி, பூமியின் ஆரையின் இருமடங்கால் வகுத்தால் போதும். தூரம் 180 கிலோமீற்றர், ஆரை 6,371 கிலோமீற்றர் என்று வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2.54 கிலோமீற்றர் வரும். எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர்தான். அந்த மலை முழுவதும் மறைந்துபோகும் அளவு தவறு, இந்த ஒரு திருத்தத்தை மறந்தால் ஏற்படும்.

அது மட்டுமல்ல. காற்று கீழே அடர்த்தியாகவும் மேலே ஐதாகவும் இருப்பதால் மலையிலிருந்து வரும் ஒளி வளைந்து வருகிறது. அதனால் சிகரம் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். காலையில் ஓரளவு, நண்பகலில் வேறளவு. இந்த ஒளி முறிவுக்கும் திருத்தம் செய்ய வேண்டும். இத்தனை திருத்தமும் செய்த பிறகு ஆறு இடங்களிலிருந்தும் ஆறு உயரங்கள் கிடைத்தன. அடியில் அவை இவை: 28,991.6, 29,005.3, 29,001.8, 28,998.6; 29,026.1, 28,990.4.

இப்போது ஒரு கதை. ஆறையும் கூட்டி வகுத்தபோது சரியாக 29,000 அடி வந்ததாம். அப்படிச் சொன்னால் ஏதோ உத்தேசமாகச் சொன்ன எண் என்று உலகம் நினைக்கும் என்று பயந்து, இரண்டு அடியைத் தாங்களாகவே சேர்த்து 29,002 என்று அறிவித்தார்களாம். பல நூல்களில் இந்தக் கதை சுவையாக எழுதப்பட்டிருக்கிறது.

கதையை நம்புவதற்கு முன் உங்கள் கணிப்பானிடம் கேளுங்கள். இரண்டு எண்களைக் கூட்டத் தெரிந்த செய்நிரலை ஆறு எண்களுக்கு நீட்டுவது கடினமல்ல. கூட்டுத்தொகை என்று ஒரு மாறியை எடுத்து அதில் பூச்சியத்தை வையுங்கள். ஆறு தடவை ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தடவையும் அதைக் கூட்டுத்தொகையுடன் சேருங்கள். முடிவில் ஆறால் வகுங்கள். கூட்டுத்தொகை 174,013.8 என்று வரும். சராசரி 29,002.3. இரண்டு அடியை யாரும் சேர்க்கவில்லை. அது கணக்கிலேயே இருக்கிறது. பத்து வரிச் செய்நிரல் ஒன்றரை நூற்றாண்டுக் கதையைச் சோதித்துவிடுகிறது. டெரோசியோவின் மாணவர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்னொரு கதையும் உண்டு. 1852 இல் ஒரு நாள் இராதாநாத் தம் தலைவரின் அறைக்குள் ஓடிச் சென்று, உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார் என்பது அது. இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் இராதாநாத் கல்கத்தாவிலும் வோ வடக்கே டேராடூனிலும் இருந்தார்கள் என்றும், டேராடூன் அலுவலகத்தில் இருந்த ஹென்னசி முதலான கணிப்பாளர்களும் இந்தக் கணக்கைச் செய்தார்கள் என்றும் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிய காட்சியை விட்டுவிடுவோம். தலைமைக் கணிப்பாளராக இருந்தவர் இராதாநாத் என்பதிலும், இருபது ஆண்டுகளாக அந்தத் துறையின் கணிதத்தைத் தாங்கியவர்களில் அவர் முதன்மையானவர் என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்தப் பெருமைக்கு ஒப்பனை தேவையில்லை.

வோ அவசரப்படவில்லை. கணக்குகளை மீண்டும் மீண்டும் சரிபார்க்கச் செய்து 1856 இல்தான் பதினைந்தாம் இலக்கச் சிகரம் உலகில் மிக உயர்ந்ததாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அதற்குத் தம் முன்னைய தலைவரான எவரெஸ்ட்டின் பெயரைச் சூட்டினார். 29,002 அடி என்பதை 0.3048 ஆல் பெருக்கினால் மீற்றரில் 8,839.8 வரும். 2020 இல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர். நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் நின்று பேனாவால் கணக்கிட்டவர்களுக்கும் செய்மதியைக் கொண்டு அளந்தவர்களுக்கும் இடையே ஒன்பது மீற்றர்தான் வித்தியாசம்.

பெண்களுக்காக ஒரு மாத இதழ்

கல்கத்தாவுக்குத் திரும்பிய இராதாநாத், 1854 இல் தம் கல்லூரித் தோழர் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து மாசிக் பத்ரிகா என்ற மாத இதழைத் தொடங்கினார். அது பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது.

அன்றைய வங்காள உரைநடை சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்து, பண்டிதர்களுக்கு மட்டுமே விளங்குவதாக இருந்தது. வீட்டுக்குள் இருந்தபடி எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பெண்ணுக்கு அது எட்டாக் கனி. இராதாநாத்தும் நண்பரும் பேசும் மொழிக்கு நெருக்கமான எளிய நடையில் எழுதினார்கள். வங்க மொழியின் தொடக்ககால நாவல்களில் ஒன்றாகப் போற்றப்படும் மித்ராவின் ஆலாலேர் கரேர் துலால் இந்த இதழில்தான் தொடராக வந்தது.

பெரிய கணக்கைச் சிறிய படிகளாக உடைத்துப் பழகியவர், கடினமான விடயத்தைச் சிறிய வாக்கியங்களாக உடைக்கவும் அறிந்திருந்ததில் வியப்பில்லை. படிக்கும் பெண்ணைத் தாழ்த்தி எழுதவில்லை. அவளுக்கு விளங்கும்படி எழுதினார். இன்று ஒரு கல்லூரிச் சஞ்சிகையில் பெண்பிள்ளைகள் அவரைப் பற்றி வாசிப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அழிக்கப்பட்ட பெயர்

1862 இல் ஓய்வு பெற்றபின் இராதாநாத் கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அது இன்றைய ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி. 1870 மே 17 ஆம் திகதி, சந்தன்நகரை அடுத்த கொண்டல்பாராவில் காலமானார்.

அவர் இறந்த பிறகு நடந்தது வருந்தத்தக்கது. 1851 இல் இந்திய நில அளவைக்கான கைந்நூல் ஒன்றை துலியர், ஸ்மைத் என்ற இரண்டு இராணுவ அதிகாரிகள் பதிப்பித்தார்கள். அதில் கணிதம் நிறைந்த பகுதிகளை எழுதியவர் இராதாநாத். முதற் பதிப்பின் முன்னுரை அதை நன்றியுடன் சொல்லியது. 1875 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதிகள் இருந்தன. அவர் பெயர் இல்லை. எழுதியவர் மண்ணுக்குள் போய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்க ஆளில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் கேட்டார்கள். 1876 இல் பிரண்ட் ஒஃப் இந்தியா என்ற ஆங்கிலப் பத்திரிகை இதைக் கடுமையாகக் கண்டித்தது.

சுமை தூக்கியவர்களின் உழைப்பை மறைக்கக் கூடாது என்று நின்றவரின் உழைப்பையே பிறகு மறைக்கப் பார்த்தார்கள். சிகரத்தின்மேல் தலைவரின் பெயர் ஏறியது. கணக்குச் செய்தவர்களின் பெயர்கள் அலுவலகத் தாள்களுக்குள் தங்கிவிட்டன. 2004 இல் இந்திய அஞ்சல் துறை அந்தப் பெரிய அளவையை நினைவுகூர்ந்து முத்திரை வெளியிட்டபோது இராதாநாத்தின் உருவத்தையும் அதில் சேர்த்தது. அவர் இறந்து 134 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எமது கணிப்பானுக்குத் திரும்புவோம்

கணினி அறையில் 125 என்ற விடையைக் கண்டு கலங்கி நின்ற மாணவியிடம் இப்போது திரும்பி வருவோம். அவளுக்கு இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் உண்டு.

முதலாவது, செய்நிரல் கணினியில் தொடங்குவதில்லை; காகிதத்தில் தொடங்குகிறது. என்ன எண்கள் உள்ளே வருகின்றன, எந்த ஒழுங்கில் என்ன நடக்கிறது, என்ன வெளியே போகிறது என்பதைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக ஒரு கொப்பியில் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை இந்தப் பாதியை லயத்து விளக்கின் கீழும் செய்து முடிக்கலாம். மறுநாள் பாடசாலையில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தை யோசிப்பதில் செலவிடாமல், எழுதிச் சோதிப்பதில் செலவிடலாம். பெற்றோர் பிள்ளைக்கு இப்போதே கணினி வாங்கிக் கொடுக்க முடியாததை எண்ணி மனம் நோக வேண்டாம். ஒரு கொப்பியும், அதைத் தொடர்ந்து நிரப்ப அமைதியான அரை மணி நேரமும் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இரண்டாவது, பிழை வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணிப்பாளர்கள் தங்களுக்குப் பிழை வரும் என்று அறிந்துதான் ஒரே கணக்கை இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். நீங்களும் ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணிப்பானுக்கு அவள் எண்களைக் கொடுக்கட்டும். முழு எண், தசம எண், மறை எண், பூச்சியம், எண்ணே இல்லாத ஒரு சொல் என்று எதையும் விடாமல் கொடுக்கட்டும். எங்கே உடைகிறது என்று பாருங்கள். வகுக்கும் எண் பூச்சியமாக இருந்தால் வகுக்க முடியாது என்று சொல்லும் ஒரு நிபந்தனையைச் சேருங்கள். தட்டச்சு செய்தவற்றை எண்ணாக மாற்றிய பின்பே கூட்டச் சொல்லுங்கள். இப்படித் திருத்தும் ஒவ்வொரு பிழையும், வளைவுக்கும் ஒளி முறிவுக்கும் அவர்கள் செய்த திருத்தத்தைப் போன்றதுதான்.

மூன்றாவது, திரையில் வந்துவிட்டது என்பதால் மட்டும் விடை சரியாகிவிடாது. ஒரு சிறு கணக்கைக் கையால் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு உயரங்களின் சராசரி ஆறில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையே இருக்க வேண்டும். உங்கள் விடை 29,026.1 ஐத் தாண்டினால் பிழை உங்கள் படிமுறையில் இருக்கிறது. இயந்திரம் சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா என்று பார்ப்பது நம் வேலை.

கணிப்பான் வேலை செய்யத் தொடங்கியதும் நின்றுவிடாதீர்கள். அடியை மீற்றராக மாற்றட்டும். நிறுத்த கொழுந்தின் கிலோ எண்ணிக்கையை ஒரு மாதத்துக்குக் கூட்டிச் சொல்லட்டும். உங்கள் உம்மா அல்லது அயலில் உள்ள ஒரு தாய், சம்பளத் துண்டில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு இன்னும் வளர்ந்து, அல்-குவாரிஸ்மி எழுதிய வாரிசுப் பங்குக் கணக்குகளையும் செய்து பாருங்கள். இரண்டு எண்ணைக் கூட்டிய அதே படிமுறைதான் அங்கேயும் நீண்டு செல்கிறது.

கடைசியாக ஒன்று. தோழியின் உதவியோடு செய்த செய்நிரலில் அவளுடைய பெயரையும் எழுதுங்கள். செய்நிரலின் முதல் வரியில் குறிப்பாக எழுதி வைத்தால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும். ஆனால் பிறகு திறந்து பார்க்கும் மனிதர் படிப்பார். இராதாநாத்தின் கைந்நூலில் அழிக்கப்பட்டது அப்படிப்பட்ட ஒரு வரிதான். அதைத் திரும்ப எழுத ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. நம் செய்நிரலில் அதை எழுத ஒரு நிமிடம் போதும்.